வெள்ளரிக்காய் முகத்துக்கு என்ன செய்யும், வயிற்றுக்கு என்ன செய்யும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபிச்செட்டிபாளையத்தில் சின்னதாக ஒரு பார்லர் வைத்திருக்கிறேன். எங்கள் தோட்டம் தடப்பள்ளி வாய்க்கால் பாசனம். நெல், வாழையோடு பந்தலில் கொஞ்சம் வெள்ளரியும் போடுவோம். அதனால் வெள்ளரிக்காயைப் பற்றிய எல்லாக் கேள்வியும் என்னிடம் வந்து சேரும். முகத்தில் தடவக் கேட்பவர்களும் உண்டு, காய் ஏன் கசக்கிறது என்று கேட்பவர்களும் உண்டு. மாசி கடந்து வெயில் ஏறினால் இந்தக் கேள்விகள் இரட்டிப்பாகிவிடும். வெள்ளரி நல்ல காய். ஆனால் அதற்குச் சொல்லப்படும் பெருமைகளில் பாதி அதனுடையதே இல்லை. எது உண்டு, எது இல்லை என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வெள்ளரிக்காயில் அப்படி என்னதான் இருக்குங்க்கா?

தண்ணீர்தான். நூறு கிராம் காயில் 95 கிராமுக்கு மேல் தண்ணீர். மீதியில் கொஞ்சம் மாவுச்சத்து, கொஞ்சம் நார், சுமார் 150 மில்லிகிராம் பொட்டாசியம், 3 மில்லிகிராம் அளவுக்கு வைட்டமின் சி, தோலோடு சாப்பிட்டால் ஓரளவு வைட்டமின் கே. மொத்தம் 15 கலோரி. வைட்டமின் சி வேண்டுமென்றால் ஒரு பெரிய நெல்லிக்காய் வெள்ளரிக்காயை விடப் பல மடங்கு கொடுக்கும். "சத்து நிறைந்த காய்" என்று வெள்ளரியைச் சொல்வதைவிட, வெயில் காலத்தில் தண்ணீரைக் கடித்துச் சாப்பிடக் கொடுக்கும் காய் என்று சொல்வதே சரி. கோடையில் கரூர் பரமத்தியும் ஈரோடும் 40 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும்போது அதுவே பெரிய உதவி.

சந்தையில நாலஞ்சு வகை கிடக்குதே, எதை வாங்கறது?

பெயர் எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம் இது. ஈரோடு சம்பத் நகர் உழவர் சந்தையில் காலையில் நின்று பார்த்தாலே தெரியும்.

முதலாவது, விரல் நீளத்துக்கு இருக்கும் வெள்ளரிப்பிஞ்சு. பஸ் ஸ்டாண்டில் கூடையில் அடுக்கி, நாலாகக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் கொடுப்பார்களே, அது. விதை முற்றியிருக்காது. பச்சையாகத் தின்ன இதற்கு ஈடு கிடையாது.

அடுத்தது வெளிர்பச்சையாக, வரி ஓடிய நாட்டு வெள்ளரி. பச்சடிக்கும் முகத்துக்கும் இது நல்லது, சாறு அதிகம். கரும்பச்சையாக, நீளமாக, உள்ளே விதையே தெரியாமல் இருப்பது பசுமைக்குடிலில் வளர்ந்த ஒட்டு ரகம். மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்ப்பது. கசப்பு அநேகமாக இருக்காது, ஆனால் விலை கூடுதல்.

மஞ்சளும் பச்சையுமாக உருண்டு திரண்டு இருக்கும் சாம்பார் வெள்ளரி, பொள்ளாச்சி தாண்டிப் பாலக்காட்டுப் பக்கம் விஷுக் கனிக்கு வைப்பது, முலாம்பழத்தின் உறவு. குழம்புக்குத்தான் உதவும். கையில் எடுத்தால் வெடித்து மாவாக உதிரும் வெள்ளரிப்பழமும் முலாம்பழ இனம்தான். அதைக் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை தூவிச் சாப்பிட வேண்டும். அதை முகத்துக்குக் கேட்டு வராதீர்கள், வீணாகும்.

ஊறுகாய்க்கு ஏற்றுமதியாகும் கெர்கின் வேறு காய் இல்லை. நாம் தின்னும் வெள்ளரி இனத்தையே சின்னதாக இருக்கும்போது பறித்து வினிகரில் போடுகிறார்கள். தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் ஒப்பந்தச் சாகுபடியாகப் போடுகிறார்கள்.

முகத்துல வெச்சா நெசமாலுமே என்ன நடக்குது?

இரண்டு காரியம் நடக்கிறது. காயிலுள்ள தண்ணீர் மேல்தோலின் மேலடுக்கில் ஊறி அதைக் கொஞ்ச நேரம் உப்ப வைக்கிறது. அதனால் சின்னச் சின்ன வறட்சிக் கோடுகள் மறைந்து முகம் பளிச்சென்று தெரியும். அதே நேரம் தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொண்டு போகிறது. சிவந்த இடம் தணிகிறது. வெள்ளரிச் சாற்றின் புளிப்புத்தன்மை நம் சருமத்தின் புளிப்புத்தன்மைக்கு ஓரளவு பக்கத்தில் இருப்பதால் பெரும்பாலானவர்களுக்கு எரிச்சல் தராது. இவ்வளவுதான் அதன் வேலை. பலன் சில மணி நேரம் நிற்கும்.

இங்கே எங்கள் பக்கத்துக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உடுமலை, பல்லடம், தாராபுரம் வரைக்கும் காற்றாலைகளைச் சுற்ற விடுகிறது. அதே காற்றுதான் முகத்தையும் உலர்த்துகிறது. அந்த மாதங்களில் வெள்ளரிச் சாறு தடவி, கழுவி, அப்படியே விட்டுவிட்டால் பத்து நிமிடத்தில் முகம் முன்னைவிட இறுகிப்போகும். ஊறிய தண்ணீர் போகும்போது சருமத்தின் ஈரத்தையும் கூட்டிக்கொண்டு போய்விடும். அதனால் கழுவியதும் துண்டால் ஒற்றி, முகம் ஈரமாக இருக்கும்போதே மாய்ஸ்சரைசரோ, கை கால்களுக்கு இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயோ தடவ வேண்டும். காங்கேயத்துச் செக்கு எண்ணெய் வீட்டில் இருந்தால் அதுவே போதும். ஆனால் பரு வரும் முகத்துக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், துவாரத்தை அடைக்கும்.

வெள்ளரியை விட இந்தக் கடைசி வேலைதான் முக்கியம். பெரும்பாலானவர்கள் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

வெள்ளையாகுங்களா?

ஆகாது.

கல்யாணம் வைத்திருக்கும் பெண்கள் முகூர்த்தத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது இதைத்தான் கேட்பார்கள். பெரும்பாலும் அவர்களாகக் கேட்பதில்லை, கூட வந்த பெரியம்மாவோ நாத்தனாரோ கேட்பார்கள். சருமத்தின் நிறம் மெலனின் என்ற நிறமியால் வருவது, பிறப்பிலேயே தீர்மானமானது. எந்தக் காயும் அதை மாற்றாது. மாற்ற வேண்டிய அவசியமும் இல்லை. கொங்கு வெயிலில் அந்த நிறம்தான் நமக்குக் குடை.

என் கவலை வேறு. வெள்ளரி பலிக்கவில்லை என்றதும் அடுத்து மருந்துக் கடையில் ஒரு சின்ன ட்யூப் வாங்கிக்கொள்கிறார்கள். ஒரு வாரத்தில் முகம் மின்னும். அதில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். சில மாதம் போட்டால் தோல் மெலிந்து, இரத்தக் குழாய் தெரிந்து, பரு கிளம்பி, நிறுத்தினால் முகம் எரியத் தொடங்கும். 2018-ல் மத்திய அரசு இப்படிப்பட்ட கிரீம்கள் பலவற்றை மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டும் என்ற பட்டியலில் சேர்த்தது. இருந்தும் கேட்டால் கிடைக்கிறது. லேபிளில் பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர் இருந்தால் தோல் டாக்டர் சொல்லாமல் முகத்தில் வைக்காதீர்கள். லேபிளே இல்லாத வெள்ளை கிரீம் என்றால் இன்னும் மோசம். அவற்றில் பாதரசம் கலந்து சிறுநீரகம் கெட்டவர்கள் இருக்கிறார்கள்.

கண்ணு மேல வட்டமா வெட்டி வெச்சா கருவளையம் போகுமா?

கண் வீக்கம் குறையும். கருவளையம் போகாது. இரண்டும் வேறு.

காலையில் எழுந்ததும் கண்ணுக்குக் கீழே உப்பியிருந்தால் அங்கே நீர் கோத்திருக்கிறது. குளிர்ச்சி பட்டால் இரத்தக் குழாய்கள் சுருங்கும், வீக்கம் இறங்கும். அந்த வேலையைச் செய்வது வெள்ளரியின் குளிர்ச்சி. ஃப்ரிட்ஜில் வைத்த ஸ்பூனும் அதையே செய்யும். ஆனாலும் வெள்ளரி வட்டம் கண்ணில் அழகாகப் பதிந்து உட்காரும், சட்டென்று சூடேறாது. பத்து நிமிடம் கண்ணை மூடிப் படுக்க வைக்கிறதே, அதுவும் ஒரு மருந்துதான்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பச்சைமிளகாய் நறுக்கிய கத்தியிலோ அரிவாள்மனையிலோ வெள்ளரியை வெட்டிக் கண்ணில் வைத்து, கத்திக்கொண்டு எழுந்து ஓடியவர்கள் உண்டு. கத்தி, பலகை, கை மூன்றையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வெட்டுங்கள்.

கருவளையத்துக்குக் காரணம் பல. சிலருக்குக் குடும்பத்திலேயே அந்த இடத்தில் நிறமி அதிகம். சிலருக்குக் கண்ணுக்குக் கீழே குழி, அதன் நிழல். திருப்பூரில் நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டு பஸ்ஸில் வரும் பெண்களுக்குத் தூக்கமின்மை. கண்ணைக் கசக்கும் பழக்கமும் ஒரு காரணம். அப்புறம் இரத்தசோகை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருப்பதாக 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வு சொல்கிறது. கருவளையத்தோடு மூச்சு வாங்குதல், களைப்பு, நகம் வெளுப்பு இருந்தால் என்னிடம் வருவதற்கு முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12-க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. அதற்கு வேண்டியது இரும்புச்சத்து. வெள்ளரியில் அது இல்லையென்றே சொல்லலாம்.

முகம் மட்டுமில்லாமல் காலும் வீங்கினால் டாக்டரிடம் போங்கள். சிறுநீரகம், தைராய்டு இரண்டையும் பார்க்க வேண்டும்.

வெயில்ல டேன் ஆயிருச்சு. வெள்ளரி எடுக்குமா?

வெயில் பட்டுச் சிவந்து எரிகிற அன்றைக்கு வெள்ளரி மிகவும் இதமாக இருக்கும். குளிர்ந்த சாற்றில் துணி நனைத்துப் போட்டு, பிறகு மாய்ஸ்சரைசர். கொப்புளம் வந்துவிட்டால் எதையும் தடவாதீர்கள்.

ஏற்கெனவே கறுத்த நிறம் தானாக மாறத்தான் நாள் பிடிக்கும். மேல்தோல் புதுப்பிக்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அதற்குள் மறுபடி வெயில் படாமல் இருந்தால் தானே தெளியும். ஸ்கூட்டியில் போகிறவர்களுக்கு முழங்கைக்குக் கீழே கறுப்பதும், காட்டு வேலைக்குப் போகிறவர்களுக்குக் கழுத்துக் கறுப்பதும் தீர்வது முழுக்கைச் சட்டையாலும் துண்டாலும்தான். எங்கள் அப்புச்சி தலைத்துண்டு இல்லாமல் வரப்பில் கால் வைத்ததில்லை. சன்ஸ்க்ரீன் போடுகிறவர்கள் எஸ்.பி.எஃப் 30-க்குக் குறையாமல், முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளத்துக்கு எடுத்து, வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். வெள்ளரிச் சாறு சன்ஸ்க்ரீன் ஆகாது. அதைத் தடவிவிட்டு வெயிலில் போவதில் எந்தப் பாதுகாப்பும் இல்லை.

எலுமிச்சை, மஞ்சள், கடலை மாவு எல்லாம் சேர்க்கலாங்களா?

எலுமிச்சை வேண்டவே வேண்டாம். அதன் புளிப்பு சருமத்துக்கு மிக அதிகம். அதைவிட ஆபத்து, எலுமிச்சைச் சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் சிலருக்குக் கொப்புளித்து, பிறகு மாதக்கணக்கில் கரும்பழுப்புத் தழும்பு நிற்கும். டேன் எடுக்கப் போய்ப் புதுக் கறை வாங்கி வருவது இப்படித்தான். சமையல் சோடாவும் வேண்டாம்.

மஞ்சள் நம்ம ஊர்ப் பொருள். ஈரோடு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. ஆனால் அது குழம்பு மஞ்சள், முகத்தில் கறை பிடிக்கும். பூசுவதற்கு மணமுள்ள கஸ்தூரி மஞ்சள் தனி. கடையில் அந்தப் பெயரில் பூலாங்கிழங்கையும் விற்கிறார்கள். கிழங்காக வாங்கி அரைத்தால் கலப்படப் பயம் குறைவு. ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம், அரித்தால் நிறுத்திவிடுங்கள்.

கடலை மாவைவிடப் பச்சைப்பயறு மாவு மென்மையானது. எண்ணெய் வழியும் முகத்துக்கு முல்தானி மிட்டி. வறண்ட முகத்துக்கு ஒரு ஸ்பூன் புளிக்காத தயிர். சோற்றுக்கற்றாழை சேர்ப்பதானால், மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலை முழுவதும் வடித்துவிட்டு உள்சோற்றை மட்டும் எடுங்கள். அந்தப் பால் அரிக்கும்.

சரி, வீட்டுல எப்படிப் பண்றது?

நடுத்தரக் காய் ஒன்று எடுத்துக் கழுவுங்கள். காம்புப் பக்கம் இரண்டு விரல் அகலம் வெட்டி எறிந்துவிட்டு, ஒரு துண்டைக் கடித்துப் பாருங்கள். கசந்தால் அந்தக் காய் முகத்துக்கும் வேண்டாம், வாய்க்கும் வேண்டாம். தோலோடு துருவி, பழைய வேட்டித் துணியில் வைத்துப் பிழியுங்கள். மிக்ஸியில் அரைத்தால் நுரை வரும், பிழிவது சிரமம். துருவல்தான் நல்லது. சாற்றை ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம் வையுங்கள்.

முதன்முறை என்றால் முழங்கையின் உள்பக்கம் தடவி ஒரு நாள் பாருங்கள். முலாம்பழம், தர்பூசணி தின்றால் வாய் அரிக்கிறவர்கள் அவசியம் பார்க்க வேண்டும், எல்லாம் ஒரே குடும்பத்துக் காய்.

முகத்தைக் கழுவிவிட்டுப் பஞ்சால் தடவுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் போதும். காய்ந்து இறுகும்வரை காத்திருக்காதீர்கள், ஈரம் இருக்கும்போதே கழுவிவிட வேண்டும். உடனே மாய்ஸ்சரைசர். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை செய்யலாம். சாறு மிஞ்சினால் மறுநாளைக்கு மேல் வைக்காதீர்கள். அதில் கெடாமல் காக்க எதுவும் இல்லை, கிருமி பெருகும்.

ராத்திரி பூரா போட்டுட்டுத் தூங்கலாமா?

வேண்டாம். காய்ந்த பிறகு அதனால் ஒரு பலனும் இல்லை, தலையணையும் நாறும்.

பரு போகுமா?

பருவின் மேல் உள்ள சிவப்பும் எரிச்சலும் கொஞ்ச நேரம் அடங்கும். பரு வருவதை வெள்ளரி நிறுத்தாது. துவாரம் சுருங்கிவிட்டது என்று தோன்றுவதும் குளிர்ச்சியால் வரும் தற்காலிகத் தோற்றம். பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன் போன்ற மருந்துகளுக்குத்தான் பலன் உண்டு, அதையும் டாக்டரைக் கேட்டுப் போடுங்கள். பெரிய கட்டிகளாக வந்து தழும்பு விழுந்தால் நாள் கடத்தாதீர்கள். தழும்பு விழுந்த பிறகு செலவு பல மடங்கு.

வேர்க்குருவுக்கு?

இங்கே வெள்ளரி நன்றாகவே உதவும். வியர்வைக் குழாய் அடைபட்டு வருவது வேர்க்குரு. உடம்பைக் குளிர்விப்பதே சிகிச்சை. குளிர்ந்த வெள்ளரிச் சாற்றில் மெல்லிய துணியை நனைத்து முதுகில் பத்து நிமிடம் போட்டு எடுத்தால் அரிப்பு அடங்கும். பிறகு வெறும் தண்ணீரில் துடைத்து, பருத்தித் துணி உடுத்திக் காற்றாட இருங்கள். பவுடரை அப்பினால் வியர்வையோடு சேர்ந்து அடைப்பு கூடும். சீழ் வைத்தால் டாக்டர்.

எங்க ஊரு போர் தண்ணி உப்பு. எதைப் போட்டாலும் மேலெல்லாம் வறளுது. என்ன பண்ண?

இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் எனக்குச் சந்தோஷம், ஏனென்றால் நோய் எங்கே என்று அவர்கள் பாதி கண்டுபிடித்துவிட்டார்கள். அவிநாசி, பல்லடம், காங்கேயம் பக்கமெல்லாம் ஆயிரம் அடி போர் போட்டு எடுக்கும் தண்ணீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் அதிகம். சோப்பு நுரைக்காது. நுரைக்காத சோப்பு அந்த உப்போடு சேர்ந்து பிசுக்காகச் சருமத்திலேயே படிந்துவிடும். குழாய் முனையில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தத் தண்ணீரில்தான் தினமும் குளிக்கிறோம். அரிப்பு, வறட்சி, குழந்தைகளுக்கு முழங்கை மடிப்பில் வரும் கரப்பான் எல்லாம் இதனால் கூடும்.

சோப்பைக் குறையுங்கள். அக்குள், தொடை இடுக்கு, பாதம் தவிர மற்ற இடத்துக்கு அன்றாடம் சோப்பு வேண்டியதில்லை. முகத்துக்குச் சோப்புக்குப் பதில் மென்மையான ஃபேஸ்வாஷ் போடுங்கள், உப்புத் தண்ணீரில் அது பிசுக்கு வைக்காது. கடைசியில் ஒரு சொம்பு நல்ல தண்ணீரால் முகத்தை அலசுங்கள். சிறுவாணியோ பவானியோ காவிரியோ, குடிக்க வருகிற தண்ணீரில் ஒரு சொம்பு. பிறகு ஈரத்தோடு எண்ணெய், பரு வரும் முகமென்றால் மாய்ஸ்சரைசர். இதை ஒரு மாதம் செய்தாலே வித்தியாசம் தெரியும். வெள்ளரியை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

வெள்ளரி சோப், வெள்ளரி ஜெல் வாங்கலாமா?

டப்பாவின் பின்பக்கம் பாருங்கள். அதிகமாக இருக்கும் பொருள் முதலில் எழுதியிருக்கும். வெள்ளரிச் சாறு கடைசி வரிகளில் வாசனைப் பொருளுக்குப் பக்கத்தில் இருந்தால் அது பெயருக்குத்தான். கிளிசரின் முன்வரிசையில் இருக்கும் ஜெல் வறண்ட சருமத்துக்கு நல்லது, அந்த நன்மை கிளிசரினுடையது. வாசனை தூக்கலாக இருப்பதை அரிப்பு உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும்.

காய் ஏன் கசக்குது? முனையை வெட்டித் தேய்ச்சா கசப்பு போகுமா?

குக்கர்பிட்டசின் என்ற பொருள்தான் கசப்பு. பூச்சிகள் தின்னாமல் இருக்கச் செடி தனக்குத் தானே உண்டாக்கிக்கொள்வது. காம்புப் பக்கமும் தோலுக்குச் சற்று உள்ளேயும் அதிகம் இருக்கும். தண்ணீர் தவறினாலும் வெயில் உறைத்தாலும் கூடும். சித்திரையில் வாய்க்கால் நின்று, கிணறும் கீழே இறங்கின பிறகு பறிக்கும் காயில் கசப்பு தலைகாட்டுவது இதனால்தான்.

முனையை வெட்டி அதே துண்டால் நுரை வரத் தேய்ப்பது எல்லா வீட்டிலும் உண்டு. கசப்பு குறைவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த முனையை வெட்டி எறிந்ததுதான். காம்புப் பக்கம் தாராளமாக வெட்டி, தோலைச் சீவினால் போதும். அதற்கும் மேல் காய் முழுவதும் கசந்தால் எறிந்துவிடுங்கள், காசு போனால் போகிறது. கசப்பான சுரைக்காய்ச் சாறு குடித்து உயிரே போன சம்பவம் நம் நாட்டில் நடந்திருக்கிறது. கசந்தால் குடிக்காதீர்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எச்சரித்ததும் அதற்குப் பிறகுதான். வெள்ளரியில் அந்த அளவுக்கு நேர்வது மிக அபூர்வம். ஆனால் பொருள் அதே குடும்பம். ஜூஸாக அரைத்துத் தேனும் புதினாவும் போட்டால் கசப்பு நாக்குக்குத் தெரியாமல் போய்விடும், அதனால் அரைப்பதற்கு முன் கடித்துப் பாருங்கள்.

தோலோட சாப்பிடலாமா?

பிஞ்சு என்றால் தாராளமாக. நாரும் வைட்டமின் கே-யும் தோலில்தான் அதிகம். ஓடும் தண்ணீரில் கையால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். பூச்சிமருந்து அடித்துப் பொறுக்க வேண்டிய நாளைக் காத்திராமல் பறித்த காயும் சந்தைக்கு வரத்தான் செய்கிறது. கழுவுவதால் மேலே இருப்பது போகும், உள்ளே போனது போகாது. சந்தேகம் என்றால் சீவிவிடுங்கள். மெழுகு பூசினது போல வழவழப்பாக மின்னும் காயையும் சீவியே சாப்பிடலாம்.

வெறும் வயித்துல ஜூஸ் குடிச்சா எடை குறையுமா, உடம்பு சுத்தமாகுமா?

உடம்பைச் சுத்தம் செய்வது கல்லீரலும் சிறுநீரகமும். அதற்கு வெள்ளரி ஜூஸ் தேவையில்லை. எடை விஷயத்தில் ஒரு நியாயம் உண்டு. மதியம் சோற்றுக்கு முன் ஒரு காயைத் தின்றால் வயிறு கொஞ்சம் நிறையும், இரண்டு கரண்டி சோறு குறையும். அரிசியும் பருப்புஞ்சோறும் நெய்யும் இருக்கிற நாளில் இது பெரிய உதவி. ஆனால் ஜூஸாக வடிகட்டினால் நார் போய்விடும், கடித்துத் தின்பதே நல்லது. இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் உப்பு மிளகாய்த்தூள் தடவாமல் சாப்பிடுங்கள்.

தின்னா சருமம் பளபளக்குமா?

உடம்பில் தண்ணீர் குறைந்து வாடியிருந்தவருக்கு முகம் தெளியும். தேவையான தண்ணீர் ஏற்கெனவே குடிக்கிறவருக்கு கூடுதலாகத் தின்பதால் சருமத்தில் பெரிய மாற்றம் வராது. தின்பதற்குக் காரணம் ருசியும் குளிர்ச்சியுமே போதும்.

சளி பிடிக்குங்களா?

சளி வைரஸால் வருகிறது. வெள்ளரியால் வராது.

சர்க்கரை, சிறுநீரகம், இதய நோய் இருக்கறவங்க சாப்பிடலாமா?

சர்க்கரை உள்ளவர்களுக்கு நல்ல நொறுக்குத்தீனி. சிறுநீரகத்துக்கு டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கும் இதயம் பலவீனமானவர்களுக்கும் ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர் என்று கணக்கு இருக்கும், வெள்ளரியையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் மாத்திரை எடுப்பவர்கள், திடீரென்று தினமும் தோலோடு நாலைந்து காய் என்று ஆரம்பிக்காதீர்கள். தோலிலுள்ள வைட்டமின் கே அந்த மாத்திரையின் வேலையைப் பாதிக்கும், அதனால் எப்போதும் சாப்பிடும் அளவை அப்படியே தொடருங்கள்.

கைக்குழந்தைக்கு முகத்துல தடவலாமா?

தடவ வேண்டாம். அதன் சருமம் மெல்லியது, தேவையும் இல்லை. ஆறு மாதம் தாண்டி, இணை உணவு ஆரம்பித்த பிறகு தோல் சீவி, விதை எடுத்து, மசித்துக் கொடுக்கலாம். வட்டத் துண்டு, கெட்டித் துண்டு கொடுத்தால் தொண்டையில் அடைக்கும்.

தலைமுடிக்குப் போடலாமா?

போட்டால் கெடுதல் இல்லை, முடி வளராது.

ஃப்ரிட்ஜுல வெச்சா ரெண்டு நாள்ல கொழகொழன்னு ஆகுதே?

வெள்ளரிக்கு அதிகக் குளிர் ஆகாது. 10 டிகிரிக்குக் கீழே சில நாள் இருந்தால் தோலில் குழி விழுந்து நீர் விடும். வீட்டு ஃப்ரிட்ஜ் 4 டிகிரி. உலர்ந்த துணியில் சுற்றி, காய்கறித் தட்டில், குளிர் நேரடியாகப் படாத இடத்தில் வையுங்கள். வாழைப்பழம், தக்காளியோடு சேர்த்து வைக்காதீர்கள். அவை விடும் எத்திலீன் வாயு வெள்ளரியைச் சீக்கிரம் மஞ்சளாக்கும். மூன்று நாளைக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள், சந்தை எங்கும் போய்விடாது.

மாடியில வளர்த்தேன். பூ நிறைய, காயே இல்லை. ஏன்?

முதலில் வருவதெல்லாம் ஆண் பூ. பெண் பூவின் அடியில் குண்டூசி அளவில் ஒரு குட்டி வெள்ளரி ஒட்டியிருக்கும், அதைப் பார்த்து அடையாளம் காணலாம். ஆண் பூக்கள் வந்து ஒன்றிரண்டு வாரத்தில் பெண் பூ வரும். தேனீ வரவில்லை என்றால் காலையில் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்து, நடுவிலுள்ள மகரந்தத்தைப் பெண் பூவில் ஒற்றிவிடுங்கள். காலை நேரத்தில் மருந்து அடிக்காதீர்கள். தைக் கடைசியில் விதைத்தால் ஒன்றரை மாதத்தில் பறிப்பு வரும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு காயை முற்ற விட்டால் கொடி புதுப் பிஞ்சு வைப்பதைக் குறைத்துக்கொள்ளும். தண்ணீர் மட்டும் ஒரு நாளும் தவறக்கூடாது, தவறினால் கசப்புதான்.

முகத்துக்குத் துருவிப் பிழிஞ்சதுல சக்கை மிஞ்சுது. எறியவா?

மாவு, மஞ்சள் எதுவும் சேர்க்கவில்லையென்றால் எறியாதீர்கள். இரண்டு கரண்டி கெட்டித் தயிரில் அந்தச் சக்கையைப் போட்டு, பச்சைமிளகாய் ஒன்றும் சின்ன வெங்காயம் நாலும் பொடியாக அரிந்து சேருங்கள். கடுகு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி, உப்பைப் பரிமாறும் நேரத்தில் போடுங்கள். முன்னாலேயே போட்டால் நீர் விட்டுப் பச்சடி இளகிவிடும்.